காசிக்குக் கிளம்பும் முன் போனில் இடம் ஒழிப்பது எப்படி?

காசி, பிரயாக்ராஜ், கயா என்று ஒரு வாரம் போகிறவர்கள் மாத்திரை எடுத்தோமா, ஸ்வெட்டர் வைத்தோமா என்று பெட்டியை இரண்டு தடவை திறந்து பார்ப்பார்கள். போனில் எவ்வளவு இடம் மிச்சம் என்று யாரும் பார்ப்பதில்லை. தசாசுவமேதப் படித்துறையில் ஆரத்தி தொடங்கும்போதுதான் 'ஸ்டோரேஜ் ஃபுல்' என்று வந்து நிற்கும். உடனே கையில் பட்டதையெல்லாம் அழிக்கத் தொடங்குவார்கள். அந்த அவசரத்தில் போவது பெரும்பாலும் வேண்டிய படங்கள்தான்.

64 ஜிபி அல்லது 128 ஜிபி ஆண்ட்ராய்டு போன் வைத்துக்கொண்டு, செட்டிங்ஸ் பக்கமே போகாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஐபோனில் வழி மாறும் இடங்களை அங்கங்கே சொல்லிவிடுகிறேன். இதில் முக்கால்வாசி வேலை, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டு வைஃபையில் முடிக்க வேண்டியது.

படி 1: எவ்வளவு இடம் வேண்டும்?

செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ்' என்பதைத் திறங்கள். சாம்சங் போனில் அது 'டிவைஸ் கேர்' என்பதற்குள் இருக்கும். கண்ணில் படவில்லையென்றால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'ஸ்டோரேஜ்' என்று தட்டச்சு செய்தால் போதும். ஐபோனில் செட்டிங்ஸ், ஜெனரல், ஐபோன் ஸ்டோரேஜ் என்று போக வேண்டும். மொத்தம் எவ்வளவு, நிரம்பியது எவ்வளவு, எதனால் நிரம்பியது என்று அங்கே வரிசையாகத் தெரியும்.

சாதாரணப் போட்டோ ஒன்று 3 முதல் 5 எம்பி. நாளுக்கு 100 படம் எடுத்தாலும் அரை ஜிபிக்குள் அடங்கிவிடும். வீடியோதான் இடத்தைத் தின்பது. ஐபோனின் கேமரா செட்டிங்ஸிலேயே கணக்கு எழுதியிருக்கிறது: ஒரு நிமிட வீடியோவுக்கு 1080பி (ஃபுல் எச்டி) தரத்தில் 60 எம்பி, அதைவிடக் கூர்மையான 4கே தரத்தில் நொடிக்கு 30 ஃபிரேம் (படச்சட்டம்) எடுத்தால் 170 எம்பி, 60 ஃபிரேம் எடுத்தால் 400 எம்பி. இது சுருக்கிச் சேமிக்கும் 'ஹை எஃபிஷியன்சி' முறையில். பழைய முறையில் சேமிக்கும் போன்களில் 1080பி வீடியோவே நிமிடத்துக்கு 130 எம்பி வரை போகும்.

கங்கா ஆரத்தி சுமார் முக்கால் மணி நேரம் நடக்கும். அதை முழுதும் 1080பியில் எடுத்தால் 2.7 ஜிபி. 4கே 60 ஃபிரேமில் எடுத்தால் 18 ஜிபி! ஒரே ஒரு சாயங்காலத்துக்கு. (முக்கால் மணி நேரமும் போன் வழியாகவே ஆரத்தி பார்ப்பது அவரவர் விருப்பம். ஐந்து நிமிடம் எடுத்துவிட்டுப் போனைப் பையில் போடுங்கள் என்பது என் கட்சி.)

ஆக, ஒரு வாரப் பயணத்துக்குக் குறைந்தது 15 ஜிபி காலியாக இருக்க வேண்டும். இருந்தால், படி 2-இல் வரும் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' மாற்றத்தை மட்டும் செய்துவிட்டுப் படி 4-க்குப் போய்விடலாம். இல்லையென்றால் தொடருங்கள்.

படி 2: வாட்ஸ்அப்பில் கை வையுங்கள்

இடம் வேண்டும் என்றதும் எல்லோரும் கேலரியைத் திறந்து பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அழிப்பார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அரை ஜிபி தேறாது. குடும்ப குரூப்பும் பள்ளித் தோழர்கள் குரூப்பும் உள்ள போனில், பெரிய குவியல் வாட்ஸ்அப்பில் கிடக்கும்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா', 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்று வரிசையாகத் திறங்கள். மேலே இரண்டு பெட்டிகள் தெரியும். 5 எம்பிக்கு மேற்பட்டவை ஒன்றில். பலமுறை ஃபார்வர்டு ஆனவை இன்னொன்றில். ஃபார்வர்டு பெட்டியைத் திறந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, ஒரு முறை மேலோட்டமாகக் கண்ணை ஓட்டிவிட்டு அழித்துவிடலாம். காலை வணக்கமும் மருத்துவக் குறிப்பும்தான் இருக்கும். 5 எம்பி பெட்டியில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. பேத்தியின் நடன வீடியோவும் அதில்தான் இருக்கும்.

அதற்குக் கீழே, எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாகப் பட்டியல் இருக்கும். முதல் மூன்று குரூப்புகளைக் கவனித்தாலே போதும், மீதியை விடுங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குத் திரும்பி வந்தால் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' என்று ஒரு பகுதி இருக்கும். மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, வைஃபையில் இருக்கும்போது, ரோமிங்கில் இருக்கும்போது என்று மூன்று வரிகள். மூன்றையும் தொட்டு, உள்ளே இருக்கும் எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள். இனி நீங்கள் தொட்டுத் திறக்கும் படம் மட்டும்தான் போனில் இறங்கும்.

குழுவாகப் போகிறவர்கள் இதைச் செய்யாமல் கிளம்பவே கூடாது. சுற்றுலாவுக்கென்று புதிதாக ஒரு குரூப் தொடங்குவார்கள். திரிவேணி சங்கமத்தில் படகில் இருபது பேர் இருந்தால், இருபது பேரும் அதே படித்துறையை எடுத்து அதே குரூப்பில் போடுவார்கள். நீங்கள் எடுத்த படங்களைவிட மற்றவர்கள் எடுத்தவைதான் உங்கள் போனை நிரப்பும்.

படி 3: கூகுள் போட்டோஸில் ஏற்றியதைப் போனிலிருந்து நீக்குங்கள்

கூகுள் போட்டோஸைத் திறந்து மேலே வலப்பக்கம் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். 'பேக்கப் கம்ப்ளீட்' என்று இருந்தால், அங்கேயே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' என்பதை அழுத்தலாம். மேகச் சேமிப்பில், அதாவது இணையம் வழியாகக் கூகுளின் சர்வரில், ஏறிவிட்ட படங்களின் போன் பிரதியை மட்டும் அது நீக்கும். படங்கள் ஆப்பில் வழக்கம்போலத் தெரியும். இணையம் இருந்தால் முழுத் தரத்தில் திறக்கும்.

அதே ஆப்பில் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து 'டெலீட்' அழுத்துவது வேறு சங்கதி. அது மேகத்திலிருந்தும் நீக்கிவிடும். 'பேக்கப்தான் இருக்கிறதே' என்று நினைத்து இப்படி அழித்துவிட்டுத் தவிப்பவர்கள் ஏராளம். அப்படி ஆகியிருந்தால் பதற வேண்டாம். பேக்கப் ஆன படம் 60 நாள் வரை குப்பைத்தொட்டியில் இருக்கும், மீட்கலாம்.

இலவச இடம் 15 ஜிபிதான். 2021 ஜூன் 1-க்குப் பிறகு ஏற்றிய படங்கள் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஜிமெயிலும் வாட்ஸ்அப் பேக்கப்பும்கூட இதே 15 ஜிபியைத்தான் பங்கு போடுகின்றன. பேக்கப் தரத்தை 'ஸ்டோரேஜ் சேவர்' என்று வைத்தால் படங்கள் 16 மெகாபிக்சலுக்கும் வீடியோக்கள் 1080பிக்கும் சுருங்கும். வீட்டு ஆல்பத்துக்கு அது தாராளம். ஐபோனின் மேகச் சேமிப்பான ஐகிளவுடில் இலவசம் 5 ஜிபிதான் என்பதால், ஐபோன்காரர்கள் அதை மட்டும் நம்பிப் போக வேண்டாம்.

அப்புறம், அழித்தும் இடம் கூடவில்லையே என்று தோன்றினால் கேலரியின் குப்பைத்தொட்டியைப் பாருங்கள். அழித்தவை பெரும்பாலான போன்களில் 30 நாள் அங்கேயே இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். அதையும் காலி செய்தால்தான் கணக்கில் வரும்.

படி 4: கேமராவில் மூன்று மாற்றம்

வீடியோ தரத்தை 1080பி, 30 ஃபிரேம் என்று வையுங்கள். 'மோஷன் போட்டோ' அல்லது 'லைவ் போட்டோ' என்பதை அணையுங்கள். ஒவ்வொரு படத்தோடும் ஒரு குட்டி வீடியோவைச் சேர்த்துச் சேமிக்கும் வேலை அது. 50, 108, 200 மெகாபிக்சல் முறையில் எடுக்காமல் போனின் இயல்பான முறையிலேயே எடுங்கள்.

படி 5: வழியில், தினமும் இரவு

தினமும் மேகத்தில் ஏற்றிவிடலாமே என்று கேட்பீர்கள். நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா பேக்கில், பத்து நிமிட 4கே வீடியோ ஒன்றை ஏற்றினாலே அன்றைய கணக்கு முடிந்துவிடும். தங்கும் விடுதி வைஃபை 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால், 10 ஜிபி ஏற நாலரை மணி நேரம் ஆகும். விடியற்காலை தரிசனத்துக்கு எழுந்திருக்க வேண்டியவர்களுக்கு இது சரிப்படாது.

அதனால் போனில் நேரடியாகச் செருகும் ஓடிஜி பென் டிரைவ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனை டைப்-சி, மறுமுனை சாதாரண யுஎஸ்பி என்று இருக்கும். 64 ஜிபி போதும். 2023-இல் வந்த ஐபோன் 15 முதல் ஐபோனிலும் இதே டைப்-சி முனை பொருந்தும்.

1. பென் டிரைவைப் போனில் செருகுங்கள். எதுவுமே நடக்கவில்லையென்றால் செட்டிங்ஸில் 'ஓடிஜி' என்று தேடி அதை இயக்குங்கள். ஓப்போ, ரியல்மீ, விவோ, ஒன்பிளஸ் போன்களில் பொதுவாக இது அணைந்தே இருக்கும். சும்மா விட்டால் சில நிமிடங்களில் தானே அணைந்தும்விடும்.

2. 'ஃபைல்ஸ்' ஆப்பில் 'டிசிஐஎம்' என்ற போல்டருக்குள் 'கேமரா' போல்டரைத் திறந்து, அன்றைய படங்களைத் தேர்ந்தெடுங்கள்.

3. 'காப்பி' கொடுங்கள். 'மூவ்' வேண்டாம். பாதியில் இணைப்பு விட்டுப்போனால் மூவ் செய்த கோப்பு இரண்டு பக்கமும் இல்லாமல் போகலாம்.

4. பென் டிரைவுக்குள் போய் நாலைந்து படங்களையும் பெரிய வீடியோ ஒன்றையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடுகிறதா? இனி போனில் இருக்கும் வீடியோக்களை மட்டும் அழிக்கலாம். போட்டோக்கள் போனிலும் இருக்கட்டும், அவை பெரிதாக இடம் பிடிப்பதில்லை.

5. 'எஜெக்ட்' செய்த பிறகு பிடுங்குங்கள். போன் இருக்கும் பையிலேயே பென் டிரைவையும் வைக்காதீர்கள். பை தொலைந்தால் இரண்டும் சேர்ந்து போகும்.

நீளமான வீடியோ ஏற மறுத்தால் பென் டிரைவ் 'ஃபேட்32' என்ற பழைய சேமிப்பு முறையில் இருக்கலாம். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. ஊரிலேயே 'எக்ஸ்ஃபேட்' முறைக்கு மாற்றி எடுத்துப் போங்கள். மாற்றும்போது உள்ளே இருப்பது முழுதும் அழியும் என்பதால் காலியாக இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது.

குரூப்பில் போட்டாயிற்று, போனில் அழித்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். ஊருக்கு வந்து பிரேம் போடக் கொடுக்கும்போதுதான் அது மங்கலாகத் தெரியும்.

நடுவழியில் 'ஸ்டோரேஜ் ஃபுல்' வந்துவிட்டால்

டெலிகிராம் இருந்தால் முதலில் அங்கே போங்கள். செட்டிங்ஸ், 'டேட்டா அண்ட் ஸ்டோரேஜ்', 'ஸ்டோரேஜ் யூசேஜ்', 'கிளியர் கேச்'. படங்கள் டெலிகிராமின் சர்வரிலேயே இருக்கும், வேண்டும்போது திரும்ப இறக்கிக்கொள்ளலாம். சிலருக்கு இதிலேயே நாலைந்து ஜிபி கிடைக்கும். அடுத்தது, ரயிலில் பார்ப்பதற்காக யூடியூபிலும் ஓடிடி ஆப்களிலும் இறக்கி வைத்த படங்கள். பார்த்து முடித்ததை நீக்குங்கள். பேரன் ஏற்றிய கேம் இருந்தால் அதையும் எடுத்துவிடலாம்.

தொடக்கூடாதவையும் உண்டு. கூகுள் பே, போன்பே, வங்கி ஆப்களை இடத்துக்காக நீக்காதீர்கள். திரும்ப ஏற்றினால் சிம் சரிபார்ப்பு, எஸ்எம்எஸ், சில சமயம் டெபிட் கார்டு விவரம் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் கையில் காசில்லாமல் நிற்க நேரும். ரயில் டிக்கெட் இருக்கும் ஆப்பும் அப்படித்தான். இன்னொன்று: ஆப் விவரப் பக்கத்தில் 'கிளியர் கேச்', 'கிளியர் ஸ்டோரேஜ்' (சில போன்களில் 'கிளியர் டேட்டா') என்று பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். கேச் தற்காலிகக் குப்பை, தாராளமாக அழிக்கலாம். மற்றது ஆப்பையே புதிதாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அதை அழுத்தினால் கடைசி பேக்கப்புக்குப் பிறகு வந்த செய்திகள் போய்விடும்.

திரும்பும் ரயிலில்

வாரணாசியிலிருந்து சென்னைக்கு ரயிலில் ஒன்றரை நாளுக்கு மேல் ஆகும். குழுவில் இருப்பவர்களிடமிருந்து அசல் படங்களை வாங்கிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. ஆண்ட்ராய்டில் 'குவிக் ஷேர்', ஐபோனில் 'ஏர்டிராப்'. இரண்டுக்கும் இணையம் வேண்டாம், படமும் சுருங்காது. அனுப்புகிறவர் படத்தைத் தேர்ந்தெடுத்து 'ஷேர்' அழுத்த வேண்டும். பெறுகிறவர் தன் போனில் ப்ளூடூத்தையும் வைஃபையையும் இயக்கி, குவிக் ஷேரில் 'எவ்ரிஒன்' என்று வைத்தால் பெயர் தெரியும். வாங்கி முடித்ததும் அதை 'கான்டாக்ட்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். எல்லாப் படத்தையும் கேட்காமல், உங்கள் முகம் இருக்கும் படங்களை மட்டும் கேளுங்கள். மிச்சமெல்லாம் உங்கள் போனில் ஏற்கெனவே இருக்கும் அதே படித்துறைதான்.