பிரீமியர் பத்மினியில் இண்டிகேட்டர் சிமிட்டாதபோது எங்கே தேட வேண்டும்?

சென்ற ஐப்பசியில் ஒரு மாலை, சேலத்திலிருந்து தருமபுரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இடப்பக்கம் ஒதுங்க வேண்டியிருந்தது. கைப்பிடியைத் தள்ளினேன். டேஷ்போர்டில் பச்சை விளக்கு எரிந்து, எரிந்தபடியே நின்றுவிட்டது. டிக்டிக் ஓசையே வரவில்லை. பக்கத்தில் இருந்த என் மனைவி கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டித்தான் பின்னால் வந்த லாரிக்கு வழி சொன்னாள். வலப்பக்க இண்டிகேட்டரோ எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தது.

வண்டி 1986ஆம் ஆண்டு பத்மினி, அப்பா ஓட்டியது. இந்த ஒரு கோளாற்றுக்காக இரண்டு பிளாஷர்களை (விளக்கை விட்டுவிட்டு எரியவைக்கும் சிறு டப்பா) வாங்கி மாற்றி ஏமாந்த பிறகு, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைதான் காரணம் பிடிபட்டது. அதே வரிசையில் நீங்களும் ஏமாறாமல் இருக்கவே இதை எழுதுகிறேன். அம்பாசிடர் வைத்திருப்பவர்களுக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் சாவியைத் திருப்பி, இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு, வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். இரு பக்கமும் எரியவில்லை என்றால் ஃபியூஸ், பிளாஷர், ஸ்விட்ச் ஆகிய மூன்றில் ஒன்று. ஒரு பக்கம் மட்டும் கெட்டிருந்தால் ஃபியூஸையும் பிளாஷரையும் தொடவே வேண்டாம், ஏனென்றால் அவை இரு பக்கத்துக்கும் பொதுவானவை. இந்த எளிய கணக்கைப் போடாமல்தான் நான் இரண்டு பிளாஷருக்குப் பணம் கொடுத்தேன்.

அடுத்தது பல்பு. கழற்றி, அதன் அடியில் உள்ள ஈயப் புள்ளியைப் பாருங்கள்; பல ஆண்டு அழுத்தத்தில் அது பள்ளமாகித் தேய்ந்திருந்தால், இழை நன்றாக இருந்தாலும் பல்பை மாற்றிவிடுங்கள். இண்டிகேட்டருக்கு 21 வாட் பல்பே வேண்டும். அவசரத்துக்கு யாரோ 10 வாட் பல்பைச் செருகிவிட்டுப் போன வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். பழைய பிளாஷர் தன் வழியே ஓடும் மின்சாரத்தின் சூட்டில்தான் இயங்குகிறது. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றுக்கு 1.75 ஆம்பியர், முன்னும் பின்னும் சேர்த்து 3.5 ஆம்பியர். அதற்குக் குறைவாக ஓடினால் பிளாஷர் மந்தமாகும் அல்லது அப்படியே நின்றுவிடும்.

ஃபியூஸைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: கண்ணால் பார்த்து நம்பாதீர்கள், விரலால் அதன் இடத்திலேயே நான்கைந்து முறை சுழற்றிவிடுங்கள். முனைகளில் படிந்த பாசி உதிர்ந்தாலே பாதி வண்டிகள் சரியாகிவிடும்.

இனி நான் வழுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். இடப்பக்கப் பின்விளக்கின் ஹோல்டரில் மல்டிமீட்டரை வைத்தபோது 12.4 வோல்ட் காட்டியது. மின்சாரம் வருகிறது, பல்பும் புதிது, பிறகு ஏன் மங்கலாக எரிகிறது என்று தெரியாமல் விழித்தேன். அப்போது எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "தம்பி, வர்ற வழியையே பாக்குறீங்களே, போற வழியைப் பாத்தீங்களா?" என்று கேட்டார்.

போகிற வழி என்பது எர்த். பல்பின் பித்தளை உறையிலிருந்து ஹோல்டர், விளக்கின் உலோகச் சட்டம், அதைப் பிடித்திருக்கும் திருகு, டிக்கியின் தகடு என்று ஒவ்வொன்றாகத் தாண்டித்தான் மின்சாரம் பேட்டரியின் எதிர்முனைக்கு (மைனஸ்) திரும்ப வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரே ஒரு ஓம் தடை கூடுதலாக இருந்தாலும் போதும்: எரியும் நிலையில் பல்பின் தடையே ஏறக்குறைய 7 ஓம்தான் என்பதால், அந்த ஒரு ஓம் சுமார் ஒன்றரை வோல்ட்டை விழுங்கிவிடும். பல்பு இல்லாமல் வெறும் ஹோல்டரில் மீட்டரை வைத்தால், மீட்டர் வழியே மின்சாரம் ஓடுவதே இல்லை என்று சொல்லுமளவுக்குக் குறைவாக ஓடுவதால், இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது. ஆகவே பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதுதான் சோதிக்க வேண்டும்.

செய்முறை இதுதான். மீட்டரை 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். இண்டிகேட்டரைப் போடுங்கள். கறுப்பு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலேயே வைத்து (வண்டித் தகட்டில் அல்ல, ஒயர் எட்டாவிட்டால் நீளமான ஒயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்), சிவப்பு முனையை எரியும் பல்பின் பித்தளை உறையில் தொடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நலம். என் வண்டியில் 3.8 காட்டியது.

விளக்கைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பட்டறையில் பெயின்ட் அடித்தவர்கள், திருகு உட்காரும் இடத்தையும் சேர்த்து அழகாகப் பூசிவிட்டார்கள். திருகின் மரையில் கீறிய ஒரு கோட்டளவு உலோகம்தான் இதுநாள்வரை எர்த்தாக இருந்திருக்கிறது. அதுவும் மழையில் துருப்பிடித்துச் செம்மண் நிறத்தில் பொடிந்து கையோடு வந்தது. உப்புத்தாளால் ஒரு ரூபாய் நாணய அளவுக்குத் தகடு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்து, திருகை மாற்றி, மேலே கொஞ்சம் வாசலைன் தடவி இறுக்கினேன். மீட்டர் 0.06 என்றது. டிக்டிக் ஓசை திரும்பியது.

மீட்டர் இல்லாதவர்கள் எர்த்தைக் கண்டுபிடிக்க ஒரு குறிப்பு: பார்க்கிங் விளக்கை அணைத்துவிட்டு இண்டிகேட்டரை மட்டும் போடுங்கள். பார்க்கிங் பல்புகளும் உடன் மினுக்கினால், திரும்பும் வழி அடைபட்ட மின்சாரம் அண்டை இழை வழியே சுற்றிக்கொண்டு போகிறது என்று பொருள்.

இரு பக்கமும் இயங்காதவர்கள் மட்டும் பிளாஷருக்குப் போகலாம். அதன் பேட்டரி முனையையும், விளக்குகளுக்குப் போகும் லோடு முனையையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டு இண்டிகேட்டரைப் போடுங்கள். விளக்குகள் சிமிட்டாமல் நிலையாக எரிந்தால் பிளாஷர்தான் குற்றவாளி. அப்போதும் எரியாவிட்டால் ஸ்டீயரிங் தண்டிலுள்ள ஸ்விட்ச். அதைப் பிரிக்கும் முன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிடுங்கள்.

கருவிகளில் என் விருப்பம், விலை உயர்ந்த மீட்டரை விட, 21 வாட் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்துச் செய்த டெஸ்ட் லேம்ப். அது உண்மையாக மின்சாரத்தை இழுப்பதால் பொய் சொல்லாது. ஒயர் இணைப்புகளுக்கு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதன் பசை உருகி வழிந்து, அடுத்த ஆண்டு ஒயர் மொட்டையாக நிற்கும். சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். மும்பையின் பத்மினி டாக்ஸிகள் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றபோது உதிரிபாகம் கிடைக்காதே என்று கவலைப்பட்டேன். ஆனால் பல்பும் பிளாஷரும் பொதுவானவை, கிருஷ்ணகிரியில் இல்லாவிட்டால் பெங்களூரு ஜே.சி. சாலையில் கிடைக்கும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்த ஓசூர் அன்பர் ஒருவர், எல்லாம் செய்தும் சிமிட்டவில்லை என்று எழுதியிருந்தார். விசாரித்ததில் நான்கு பக்கமும் எல்இடி பல்பு. அவை மிகக் குறைந்த மின்சாரமே எடுப்பதால் பழைய பிளாஷர் சூடேறாது. எல்இடிக்கான எலக்ட்ரானிக் பிளாஷரை மாற்றச் சொன்னேன். மாற்றிய பிறகு, ஒரு பக்கம் போட்டால் நான்கும் சிமிட்டுகின்றன என்று மறுபடி எழுதினார். அவர் வண்டியின் டேஷ்போர்டில் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே பச்சை விளக்கு. இடது, வலது ஒயர்களுக்கு நடுவே இணைக்கப்பட்ட அதன் வழியே கசியும் சிறு மின்சாரமே எல்இடிகளை எரியவைக்கப் போதுமானது. அந்தப் பல்பைக் கழற்றியதும் கோளாறு நின்றது. மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் இரு டயோடுகளைப் போட்டு அதை எர்த்தோடு இணைத்தால் பச்சை விளக்கையும் இழக்க வேண்டியதில்லை.