பழைய கண்ணாடிக்கல் நகை சேர்ப்பது எப்படி? முதலில் பூந்திக்கொட்டையைத் தள்ளி வையுங்கள்

ஆச்சி காலத்துக் கல் அட்டிகை ஒன்று பரணிலிருந்து இறங்கியதும் நம்ம ஊர் வீடுகளில் முதலில் நடப்பது, பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறப்போடுவது. தங்கத்துக்குச் சரி. கண்ணாடிக்கல் பதித்த கவரிங்குக்கு அதுதான் எமன். பல கண்ணாடிக்கற்களின் மினுக்கம் முதுகில் இருக்கும் மெல்லிய வெள்ளிப் பூச்சிலோ தகட்டிலோ இருக்கிறது. இடுக்கில் ஈரம் புகுந்து அதை அரித்தால் கல் கறுத்துப்போகும். கறுத்த கல் கழுவினால் தெளியாது, மாற்றத்தான் வேண்டும்.

தேவையானவை: 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் (கண்ணோடு ஒட்டிப் பார்க்கும் சின்ன லென்ஸ்), சின்ன டார்ச், காந்தம், மென்மையான பிரஷ், மூங்கில் பல்குச்சி, ஒரு நோட்டு.

1. தேடுதல்

சொந்தக்காரர் வீட்டுப் பெட்டிதான் முதல் இடம். அப்புறம் ஆக்கர் கடை (பழைய சாமான் கடை), நாடக உடை வாடகைக்கு விட்டவர்கள், பரதநாட்டியத்தைப் பாதியில் நிறுத்தியவர்கள். வாங்குவதற்கு முன் ஒருநாள் நாகர்கோவில் வடசேரிக்குப் போய்வாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற கோயில் நகை வேலை அங்கே நடக்கிறது. சிவப்பும் பச்சையுமான கெம்புக்கல் வைத்த புது நகையைக் கையில் எடுத்துப் பார்த்தால்தான் பழசைப் பார்க்கக் கண் பழகும்.

2. கல்லைப் பார்த்தல்

லூப்பைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, நகையை அதை நோக்கிக் கொண்டுவாருங்கள். சுமார் இரண்டரை சென்டிமீட்டரில் தெளியும். பலரும் லூப்பை நகைமேல் வைத்துவிட்டு எட்ட நின்று பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியாது.

கல்லுக்குள் உருண்டையான காற்றுக்குமிழ் தெரிந்தால் அநேகமாகக் கண்ணாடி. பட்டைகள் சேரும் விளிம்பைப் பாருங்கள். பத்து வரை போகும் மோஸ் கடின அளவில் மாணிக்கம் 9, கண்ணாடிக்கு 5 முதல் 6 வரைதான். அதனால் பழைய கண்ணாடியில் விளிம்பு மழுங்கி, ஓரம் சிப்பி வடிவில் தெறித்திருக்கும். கல்லைப் பல்லில் லேசாகத் தட்டினால் கண்ணாடி 'டிக்' என்று கேட்கும், பிளாஸ்டிக் மொத்தென்று கேட்கும். ஊசியால் கீறிப் பார்க்க வேண்டாம்.

அடுத்து நகையைத் திருப்பி டார்ச் அடியுங்கள். வெளிச்சம் கல்லை ஊடுருவினால் ஓப்பன் செட்டிங், பூச்சில்லாத கல். முதுகு மூடியிருந்தால் க்ளோஸ் செட்டிங், உள்ளே தகடு இருக்கும் என்று வைத்துக்கொண்டே நடத்துங்கள். காந்தம் ஒட்டினால் அடியில் இரும்பு, உரிந்த இடத்தில் துருப்பிடிக்கும்.

3. வயதைக் கணித்தல்

விற்பவர் சொல்லும் கதையைவிட நகையின் முதுகு நம்பகமானது. 'செக்கோஸ்லோவாக்கியா' என்ற முத்திரை இருந்தால் 1918-க்குப் பின். 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்' என ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் 1945-52. மேலே வானவில் போல நிறம் ஓடும் 'அரோரா போரியாலிஸ்' பூச்சை ஸ்வரோவ்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கண்ணாடிக்கல் நிறுவனம் கொண்டுவந்தது 1950-களின் நடுவில். அந்த மினுக்கத்தைக் காட்டி 'சுதந்திரத்துக்கு முந்தியது' என்றால் சிரித்துவிட்டு நகருங்கள்.

4. சுத்தம்

உலர்ந்த பிரஷ், அவ்வளவுதான். பிடிவாத அழுக்குக்கு, பஞ்சுக்குச்சியை நனைத்துப் பிழிந்து, உலோகத்தில் மட்டும் ஒற்றி, உடனே துடைத்து, நகையைக் குப்புற வைத்து உலர்த்துங்கள். பச்சைக் களிம்பைப் பல்குச்சியால் சுரண்டுங்கள். புளியும் எலுமிச்சையும் முலாம் போன இடத்தில் புகுந்து அரிக்கும். பழைய கெம்பு வேலைகளில் உள்ளே அரக்கு இருக்கலாம், வெந்நீரும் வெயிலும் அதை இளக்கிக் கல்லை உதிர்த்துவிடும்.

கல் விழுந்திருந்தால் குழியை மில்லிமீட்டரில் அளந்து, உடைந்த கவரிங்கிலிருந்து அதே அளவுக் கல்லை எடுங்கள். இதற்காகவே உடைசல் நகையைச் சல்லிசாக வாங்கிப் போடலாம். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம், அதன் ஆவி கல்மேல் வெள்ளையாகப் படியும். இரண்டு டியூப் கலக்கும் எபாக்சி பசையை ஊசிமுனை அளவு வைத்து, ஒருநாள் அசைக்காமல் விடுங்கள்.

5. பாதுகாத்தல்

தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் சாரல் காலத்தில் ஈரம்தான் எதிரி. ஒவ்வொன்றையும் தனித்தனியே பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள். ஸ்பாஞ்சும் ரப்பர் பேண்டும் நாளாக ஆக இளகி ஒட்டிக்கொள்ளும். கையால் மரை போட்ட பழைய தோட்டில் ஒன்றின் திருகாணி மற்றதற்குச் சேராது. அதனதன் தண்டிலேயே முடுக்கி வைத்துவிடுங்கள்.