கழற்றி மாட்டும் ரைஃபிளுக்குக் கண்ணை உறுத்தாத பை: எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டாகக் கழற்றி எடுத்துச் செல்லும் டேக்டவுன் ரைஃபிள் வாங்குகிறவர்கள் துப்பாக்கிக்காக மாதக்கணக்கில் யோசிப்பார்கள், பையை மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் செய்தேன், அதற்கு விலையாக ஸ்கோப்பின் (குறி பார்க்கும் தொலைநோக்கியின்) முன்கண்ணாடியில் ஒரு கீறலும் குழலில் துருவும் வந்து சேர்ந்தன. அந்த இரண்டையும் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். கண்ணை உறுத்தாத பை என்றால் யாருக்கும் தெரியாமல் துப்பாக்கியைக் கடத்திக்கொண்டு போகும் பை இல்லை. உரிமம், ஆவணங்கள், உங்கள் இடத்துச் சட்டம் எப்படிக் கொண்டுபோகச் சொல்கிறதோ அந்த முறை, எல்லாம் சரியாக இருந்தால்தான் இந்தப் பேச்சே. பை அடக்கமாக இருக்க வேண்டும் என்பதற்கு இரண்டு காரணம் உண்டு. வாகன நிறுத்தத்தில் நோட்டம் விடும் திருடனுக்கு "உள்ளே துப்பாக்கி இருக்கிறது" என்று நாமே எழுதி ஒட்டக் கூடாது. வழியில் எதிர்ப்படும் மனிதர்களையும் வீணாகப் பயமுறுத்தக் கூடாது.

காட்டுப்பச்சை உருமறைப்புத் துணி, வரிசை வரிசையாகத் தைத்த பட்டைகள், துப்பாக்கி கம்பெனியின் பெரிய சின்னம், ஒரு முனை அகன்று மறுமுனை குறுகிய அந்த நீள வடிவம், இவைதான் தூரத்திலிருந்தே காட்டிக்கொடுப்பவை. சாம்பல், கருநீலம் மாதிரி மங்கிய ஒரே நிறம், சாதாரண செவ்வக வடிவம், வெளியே எழுத்தே இல்லாத துணி, இது போதும். சிலர் கிடார் பெட்டி, டென்னிஸ் மட்டைப் பை என்று தேடிப் போகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவற்றின் உள்ளே ரைஃபிளின் பாகங்களைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது, தவிர சோதனையில் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு "ஏன் வேறு பொருள் மாதிரி கொண்டுவந்தாய்" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். கேட்டால் உள்ளே என்ன என்று நேராகச் சொல்லுங்கள்.

சரி, அளவுக்கு வருவோம். கம்பெனி அட்டையில் இருக்கும் முழு நீளத்தை நம்பிப் பை வாங்காதீர்கள், அது மாட்டிய நிலையின் நீளம். கழற்றி, மேசையில் இரண்டு பாதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டேப்பால் அளந்து பாருங்கள். ரூகர் கம்பெனி 2012-இல் கொண்டுவந்த 10/22 டேக்டவுனை எடுத்துக்கொண்டால், அதன் 18.5 அங்குலக் குழல் மட்டுமே 47 சென்டிமீட்டர், குழலுக்குக் கீழே கைபிடிக்கும் முன்கட்டையும் அதோடுதான் வரும், ஆக அரை மீட்டருக்குக் குறைந்த பையை அதற்கு யோசிக்கவே வேண்டாம். ஹென்றி கம்பெனியின் ஏஆர்-7 வேறு வகை: குழல், ரிசீவர் (சுடும் பொறி இருக்கும் நடு உடம்பு), மேகசின் (குண்டுகளை அடுக்கும் கூடு) எல்லாம் தோளில் வைக்கும் பின்கட்டைக்குள்ளேயே அடங்கி மொத்தமும் 16.5 அங்குலத்தில், அதாவது 42 சென்டிமீட்டரில் முடிந்துவிடும், அதற்குக் கட்டையே பெட்டி. ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1914-இல் விற்பனைக்கு வந்த எஸ்ஏ-22 மெலிந்த உடம்புக்காரி, ஆனால் அதன் கட்டையின் பளபளப்புக்கு நல்ல மெத்தை வைத்த பை வேண்டும்.

நீளத்தைவிட அதிகம் பேர் ஏமாறுவது தடிமனில்தான். ஸ்கோப் ரிசீவர் மேல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பாதி எதிர்பார்த்ததைவிட உயரமாகிவிடும், பக்கவாட்டில் போல்ட்டின், அதாவது குண்டறையைத் திறந்து மூடும் பாகத்தின், கைப்பிடி வேறு துருத்திக்கொண்டிருக்கும். ஸ்கோப்பின் உச்சியிலிருந்து டிரிகர் காப்பு வளையத்தின் அடிவரை அளந்து, இரண்டு பக்கமும் இரண்டு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இறுக்கித் திணித்து ஜிப் போடுகிற பை ஒவ்வொரு பயணத்திலும் ஸ்கோப்பை அழுத்தும், அப்புறம் குறி ஏன் மாறுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இப்போது என் கீறல் கதை. என் முதல் பையில் உள்ளே ஒரே அறை, நடுவில் மெல்லிய துணித் தடுப்பு. படிக்கட்டில் இறங்கும்போது குழல் பாதி சரிந்து, அதன் பூட்டு முனை தடுப்பின் கீழ் இடைவெளி வழியாக வந்து ஸ்கோப்பின் முன்கண்ணாடியில் மோதியிருக்கிறது. வீட்டில் திறந்து பார்த்தபோது பிறை வடிவத்தில், நகத்தால் தொட்டால் உணரும் அளவுக்கு ஒரு கீறல். அன்றிலிருந்து நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: இரண்டு பாதிக்கும் தனித்தனி அறை இருக்கிறதா, தடுப்பு அடிவரை தைக்கப்பட்டிருக்கிறதா, ஒவ்வொரு பாதியையும் பிடித்துக்கொள்ள ஒட்டுப்பட்டை இருக்கிறதா. கழற்றி மாட்டும் துப்பாக்கிக்கு உயிர்நாடியே குழலும் ரிசீவரும் சேரும் அந்தப் பூட்டு வாய்தான். அதில் மணலோ பஞ்சோ ஒட்டினாலும், விளிம்பில் சின்ன அடி பட்டாலும் பிடிப்பு தளர்ந்து, குண்டு போய்ச் சேரும் இடமே மாறும். அந்த முனைக்கு ஒரு மூடியோ சுத்தமான துணி உறையோ போட்டு வைப்பதில் சோம்பல் வேண்டாம்.

துரு வந்தது ஃபோமால். முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும் மென்மையான ஃபோம் பஞ்சைப் போல ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மழை நாளில் நனைந்த பையை ஒரு வாரம் அப்படியே மூடி வைத்துவிட்டேன், திறந்தபோது குழலின் மேல் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள், ஃபோமின் மேடு எங்கெங்கே தொட்டதோ சரியாக அங்கங்கே. அடர்த்தியான, தண்ணீர் உள்ளே இறங்காத பாலிஎத்திலீன் ஃபோம் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடையில் ஓரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரியும், ஈரம் குடிக்கும் ஃபோம் பொத்தென்று அமுங்கும். எந்த ஃபோமாக இருந்தாலும் பை பயணத்துக்கு மட்டும்தான். வீட்டுக்கு வந்ததும் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி, பூட்டிய அலமாரிக்குள் வைத்துவிடுங்கள், பையைத் திறந்து காய விடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டால் நல்லது. தோல் பை பார்க்க அழகுதான், ஆனால் தோல் பதனிடும் ரசாயனமும் அது இழுக்கும் ஈரமும் இரும்புக்கு ஆகாது, நாள்கணக்கில் அதில் வைக்காதீர்கள்.

ஜிப் பல் பெரிதாக இருக்கட்டும். இரண்டு இழுப்பான்கள் எதிரெதிராக வந்து சேர்ந்து, அவற்றின் துளை வழியாகச் சின்னப் பூட்டு நுழைய வேண்டும். துணிப்பையைக் கத்தியால் கிழித்துவிடலாம் என்பது உண்மைதான், ஆனாலும் குழந்தைகளின் கை உள்ளே போகாமல் அந்தப் பூட்டு தடுக்கும், அதற்காகவே பூட்டுங்கள். விமானத்தில் போவதென்றால் துணிப்பை தனியாக உதவாது. அமெரிக்காவில், உதாரணத்துக்கு, குண்டு இல்லாத நிலையில், பூட்டிய கடினமான பெட்டியில், முன்கூட்டியே அறிவித்து, சரக்கில் போடும் பெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும். மற்ற இடங்களில் போகும் நாட்டின் சட்டத்தையும் விமான நிறுவனத்தின் விதியையும் கிளம்புவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அடிக்கடி பறப்பவர் கடினமான பெட்டியையே நேராக வாங்கிவிடுவது மேல்.

கழற்றுவதற்கு முன் மேகசினை எடுத்து, போல்ட்டை இழுத்து, குண்டறைக்குள் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிடுங்கள், பாதியாகக் கழற்றிய துப்பாக்கியிலும் குண்டறை காலிதானா என்பதை யாரும் அனுமானிக்கக் கூடாது. மேகசின் காலியாகப் போகட்டும், குண்டுகள் வேறு பெட்டியில். பையில் குண்டுக்கென்று தைத்த பாக்கெட் இருந்தாலும் நான் அதில் துடைக்கும் துணியைத்தான் வைக்கிறேன். எவ்வளவு அடக்கமான பையாக இருந்தாலும் காரில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

வாங்கிய அன்றே, துப்பாக்கியைத் தொடுவதற்கு முன், அதே நீளமும் எடையும் வரும்படி இரண்டு கட்டைகளைத் துணி சுற்றி உள்ளே வைத்துப் பூட்டி, பத்து நிமிடம் படி ஏறி இறங்குங்கள், பையைத் தலைகீழாகவும் ஒரு தடவை பிடியுங்கள். திறந்து பார்க்கையில் கட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தால் வைத்துக்கொள்ளலாம், நகர்ந்திருந்தால் ரசீதோடு கடைக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள்.