உருகுவே அல்பரீன்யோவைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி

அல்பரீன்யோ ஸ்பெயினின் வடமேற்கு மூலையிலுள்ள கலீசியாவின் வெள்ளைத் திராட்சை; அதில் செய்யும் வெள்ளை ஒயினுக்கும் அதே பெயர்தான். அங்கே ரியாஸ் பைஷாஸ் என்ற கடலோரப் பகுதிதான் இதற்குப் பேர்போன இடம். ஆனால் என் மனசுக்கு நெருக்கமான அல்பரீன்யோ அட்லாண்டிக்கின் எதிர்க்கரையில், உருகுவேயில் விளைகிறது. பிழைப்புத் தேடிக் கலீசியாவிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள் அந்த நாட்டில் ஏராளம். அப்படி வேர் கொண்ட பௌசா குடும்பம்தான் 2000-களின் தொடக்கத்தில் தலைநகர் மான்டேவீடியோ அருகே இந்தக் கொடியை நட்டது. பிறகு கிழக்கே மால்டொனாடோவில் கார்சோன் என்ற ஒயின் ஆலையும் இதைக் கையிலெடுத்தது. உருகுவே என்றாலே தன்னாத் என்ற கறுத்த சிவப்பு ஒயினைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். பக்கத்திலிருக்கும் வெள்ளையைக் கேட்க ஆளில்லை என்பது எனக்கு நிஜமான வருத்தம்.

இந்தத் திராட்சை அங்கே ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. கலீசியாவைப் போலவே உருகுவேயும் ஈரமான ஊர். கடற்காற்று ஓயாது, ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. மெல்லிய தோல் திராட்சை அங்கே எளிதில் அழுகிவிடும். அல்பரீன்யோவின் பழம் சிறிது, தோல் தடிப்பு, தாக்குப்பிடிக்கிறது. அந்தத் தோலை மறக்காதீர்கள், வாயில் அது திரும்ப வரும். கார்சோன் பக்கம் மண்கூட உடைந்து உதிர்ந்த கருங்கல் மண்தான், கலீசியாவில் இருப்பதைப் போலவே. வித்தியாசம் வெயிலில். உருகுவேயில் பழம் இன்னும் நன்றாகப் பழுக்கிறது.

வாங்கும்போது லேபிளில் ஆண்டைப் பாருங்கள். தெற்கு அரைக்கோளத்தில் அறுவடை பிப்ரவரி, மார்ச்சில். கலீசியாவில் செப்டம்பர். ஆகவே ஒரே ஆண்டு போட்டிருந்தாலும் உருகுவே பாட்டில் அரை வருஷம் மூத்தது. சாதாரண விலைப் பாட்டிலென்றால் இரண்டு, மூன்று வருஷத்துக்குள் இருப்பதை எடுங்கள்.

இனி முக்கியமான விஷயம், குளிர். பெரும்பாலான வீடுகளில் இந்த ஒயின் பாழாவது இங்கேதான். ஃபிரிட்ஜுக்குள் சுமார் 4 டிகிரி. அந்தக் குளிரில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் பல்லைக் கூசவைக்கும். குடிக்க இருபது நிமிஷம் முன்பே பாட்டிலை வெளியே எடுத்து வையுங்கள். 10 டிகிரி வாக்கில் இருந்தால் சரி. ஐஸ் கட்டி போடவே வேண்டாம். கிளாஸ் வாய் குறுகியதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள்.

நிறத்தில் நேரம் செலவழிக்க வேண்டியதில்லை. வெள்ளைத் தாளுக்கு மேல் சாய்த்துப் பாருங்கள்: வெளிர் மஞ்சள், ஓரத்தில் லேசான பச்சை. இளம் ஒயினில் பழுப்பு தட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

முதலில் கிளாஸைச் சுழற்றாமலே மோந்து பாருங்கள். எலுமிச்சை, பம்ப்ளிமாஸ் தோல் முதலில் வரும். பிறகு இரண்டு சுற்றுச் சுற்றி மறுபடி மூக்கை வையுங்கள். இப்போது பீச், ஆப்ரிகாட்; கூடவே ஏதோ ஒரு வெள்ளைப் பூ. உருகுவே பாட்டிலில் இந்தப் பழ வாசனை கலீசியாவைவிடத் தூக்கலாக இருக்கும். என்ன பழம் என்று பெயர் சொல்ல வராவிட்டால் விட்டுவிடுங்கள். பிஞ்சா, செங்காயா, கனிந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவே போதும்.

ஒரு சின்ன மடக்கு எடுத்து நாக்கு முழுக்கப் பரவவிடுங்கள். உதட்டைக் குவித்துக் கொஞ்சம் காற்றை உள்ளே இழுங்கள். இனிப்பைத் தேடாதீர்கள், மூக்கில் பழம் மணந்தாலும் இது இனிப்பில்லாத ஒயின். விழுங்கியதும் தாடையின் இரண்டு ஓரத்திலும் எச்சில் ஊறுகிறதா? அதுதான் புளிப்பின் அளவு. எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு புளிப்பு. நாக்கின் நடுவில் கொழகொழப்பாக ஒரு கனம் தெரிந்தால், நொதித்து முடிந்த ஒயினை ஈஸ்ட் வண்டலோடு சில மாதம் வைத்திருந்திருக்கிறார்கள்.

அடுத்து வருவதற்காகத்தான் நான் இதைக் குடிக்கிறேன். விழுங்கிவிட்டுப் பேசாமல் இருங்கள். பழம் மெல்ல மறையும். கடல்தண்ணீர் பட்ட உதட்டை நக்கினாற்போல் ஒரு உப்புக் கரிப்பு எழும். ஒயினில் யாரும் உப்புப் போடவில்லை, ஆனாலும் அந்தக் கரிப்பு நிஜமாகத் தெரியும். அதன் வாலாக, கடைசியில், நாரத்தைத் தோலின் கசப்பு கொஞ்சம். முன்பு சொன்ன தடித்த தோலின் வேலை அது. மனசுக்குள் எண்ணுங்கள்: பத்து எண்ணும்வரை கரிப்பும் கசப்பும் நின்றால் நல்ல ஒயின். ஐந்துக்குள் போய்விட்டால், மூக்கில் எவ்வளவு மணந்திருந்தாலும் நான் அந்தப் பாட்டிலை மறுபடி வாங்கமாட்டேன்.

முடிந்தால் ரியாஸ் பைஷாஸ் பாட்டில் ஒன்றையும் திறந்து இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மாற்றி மாற்றிக் குடித்தால் கலீசியாக்காரரின் புளிப்பு கூர்மையாகவும், உருகுவேக்காரரின் பழம் உருண்டு திரண்டும் தெரியும். எது உயர்ந்தது என்ற கேள்வி வேண்டாம். கரிப்பு எதில் அதிக நேரம் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள்.

கூடச் சாப்பிட, உருகுவேயின் ரோச்சா கடற்கரையில் கடற்பாசியை மாவில் கலந்து பொரித்த பணியாரம் போட்டுத் தருவார்கள். அதைவிடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரியாது. அது கிடைக்காத இடத்தில் உப்பும் எலுமிச்சையும் மட்டும் போட்டுச் சுட்ட மீன், வேகவைத்த மட்டி. மிளகாய்த்தூள் பூசிய வறுவலை வேறு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். 13 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஒயின் காரத்தை ஏற்றிவிடும், கரிப்பு அடிபட்டுப்போகும்.

மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் பம்ப்ளிமாஸ் அடங்கி பீச் முன்னால் வந்து நிற்கும். மூன்றாம் நாளுக்குள் முடித்துவிடுங்கள்.