கார்ல் பாப்பரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

மதுரையில் இளங்கலை இயற்பியல் நடத்துகிறேன். அறிவியல் தத்துவ அறிஞரான பாப்பரைப் படிக்க ஆசைப்படும் மாணவர்கள் பெரும்பாலும் கையில் எடுப்பது 'தி லாஜிக் ஆஃப் சயின்டிஃபிக் டிஸ்கவரி'. 1934-இல் ஜெர்மனிலும் 1959-இல் ஆங்கிலத்திலும் வந்த நூல். முதலில் அது வேண்டாம்.

1963-இல் வந்த 'கன்ஜெக்சர்ஸ் அண்ட் ரெஃப்யூட்டேஷன்ஸ்' தொகுப்பின் முதல் கட்டுரையை எடுங்கள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். 1919-இல் வியன்னாவில் இளைஞரான பாப்பர், உளவியலாளர் ஆட்லரிடம் ஒரு குழந்தையைப் பற்றிச் சொல்கிறார். ஆட்லர் அந்தக் குழந்தையைப் பார்க்காமலே தன் கோட்பாட்டை வைத்து விளக்கிவிடுகிறார். எப்படி இவ்வளவு உறுதி என்று கேட்டால், ஆயிரம் மடங்கு அனுபவம் என்கிறார். இப்போது அது ஆயிரத்தொன்று ஆகிவிட்டது போலும் என்கிறார் பாப்பர். அதே ஆண்டு மே 29 சூரிய கிரகணத்தில், ஐன்ஸ்டைன் சொன்ன அளவுக்கு நட்சத்திர ஒளி சூரியன் அருகே வளைகிறதா என்று வானியலாளர் எடிங்டனின் குழு அளந்தது. வளையாமல் இருந்திருந்தால் கோட்பாடு விழுந்திருக்கும். எதற்கும் பிடிகொடுக்காமல் எல்லாவற்றையும் விளக்குவது ஒரு பக்கம், தோற்கத் துணிந்து நிற்பது மறுபக்கம். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இங்கே புத்தகத்தை மூடிவிட்டு ஒரு நோட்டு எடுங்கள். டீக்கடையில், வீட்டில் காதில் விழுவதை எழுதி, எது நடந்தால் இது பொய் என்று பக்கத்தில் குறியுங்கள். 'நேரம் கூடினால் மழை வரும்' என்பதற்கு அந்த இடம் காலியாகவே இருக்கும். 'அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் மதுரையில் மழை பெய்துவிடும்' என்பதற்கு நாள் இருக்கிறது, ஊர் இருக்கிறது; தோற்க வழியும் இருக்கிறது. சோதிக்க முடியாததெல்லாம் அர்த்தமற்றது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள். பாப்பர் அப்படிச் சொல்லவே இல்லை. அறிவியல் எது, எது அல்ல என்ற எல்லைக்கோடுதான் அவர் போட்டது.

அப்புறம், முதலில் வேண்டாம் என்று சொன்ன அந்த 'லாஜிக்'. 1, 4, 5, 6 அத்தியாயங்கள், கடைசியாக 10. நிகழ்தகவு பற்றிய எட்டாவது பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்தாவதை மெதுவாகப் படியுங்கள். அறிவியலின் அடித்தளமே பாறையில் இல்லை, சதுப்பு நிலத்தில் இறக்கிய தூண்களின் மேல் நிற்கிறது என்று அவர் எழுதுவது அங்கேதான். எனக்கு அவர் எழுத்திலேயே மிகப் பிடித்த இடம் அது.

அரசியலில் ஆர்வம் இருந்தால் 1945-இன் 'தி ஓப்பன் சொசைட்டி அண்ட் இட்ஸ் எனிமீஸ்', இரண்டு தொகுதி. ஹிட்லர் ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த சேதி கேட்டு நியூசிலாந்தில் இருந்தபடி எழுதத் தொடங்கியது. பிளேட்டோ பகுதி விறுவிறுப்பாகப் போகும். ஜெர்மன் தத்துவ அறிஞர் ஹெகலை அவர் நடத்தும் விதம் நியாயமில்லை என்பது என் கருத்து. அந்த அத்தியாயத்தை மட்டும் நம்பி ஹெகலை எடைபோடாதீர்கள்.

1972-இன் 'ஆப்ஜெக்டிவ் நாலெட்ஜ்' அவசரமில்லை. அதற்கு முன் அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962-இல் எழுதிய 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் சயின்டிஃபிக் ரெவல்யூஷன்ஸ்' நூலைப் படித்துவிடுங்கள். ஒரு கணிப்பு பொய்த்ததும் விஞ்ஞானிகள் கோட்பாட்டைக் கைவிடுவதில்லை என்கிறார் கூன். 1965-இல் லண்டனில் நடந்த கருத்தரங்கில் பாப்பரும் கூனும் நேருக்கு நேர் வாதிட்டார்கள். அந்தக் கட்டுரைகள் 1970-இல் 'கிரிட்டிசிசம் அண்ட் த குரோத் ஆஃப் நாலெட்ஜ்' என்று வெளிவந்தன. அதில் கூனின் கட்டுரையை முதலில் படித்துவிட்டு, பிறகு பாப்பரின் பதிலுக்குப் போங்கள்.