காயில் கட்டக் கொடுக்கும் முன் ரோட்டாரைப் பாருங்கள்: கரண்ட் அலை வழியே கம்பி முறிவைக் கண்டுபிடிப்பது

அம்பை, சேரன்மகாதேவி பக்கத்து அரிசி ஆலைகளில் மோட்டார் சுமை இழுக்கவில்லை என்றால் நேரே காயில் கட்டத்தான் (சுருளைப் புதிதாகச் சுற்றத்தான்) கொடுக்கிறார்கள். மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) நல்ல அளவு காட்டுகிறது, மூன்று பேஸிலும் கரண்ட் சமம், சுமை ஏறினால் மட்டும் அம்மீட்டர் முள் ஆடுகிறது என்றால் முதலில் ரோட்டாரை, அதாவது மோட்டாருக்குள் சுழலும் பகுதியை, சந்தேகப்படுங்கள். ரோட்டார் கம்பி முறிந்திருந்தால் புதுக் காயில் கட்டியும் பயனில்லை. அந்த முறிவு, மோட்டார் இழுக்கும் 50 ஹெர்ட்ஸ் கரண்டின் இருபுறமும் சிறு முனைகளாகத் தெரியும். கரண்டைக் கணினியில் பதிந்து அந்த முனைகளைத் தேடுவதுதான் இங்கே வழி.

20 எச்பி மோட்டாருக்கு, 30 ஆம்பியருக்கு 1 வோல்ட் தரும் கிளாம்ப் சிடி (வயரைச் சுற்றி மாட்டிக் கரண்டை அளக்கும் கரண்ட் டிரான்ஸ்பார்மர்) போதும். லைன்-இன் உள்ள யுஎஸ்பி சவுண்ட் கார்டு வாங்குங்கள். மைக் மட்டும் உள்ளது வேண்டாம், அலையின் உச்சி வெட்டுப்படும். உச்சி வெட்டுப்பட்டால் நாம் தேடும் தடயமும் போய்விடும்.

கிளாம்பை ஸ்டார்டருக்கு முன்னால் ஒரே ஒரு பேஸ் வயரில் மாட்டுங்கள். மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் கூட்டுத்தொகை பூஜ்யம். பேனலில் ஏற்கெனவே உள்ள சிடியின் செகண்டரியை ஓடும்போது கழற்றவே கூடாது. உயிருக்கு ஆபத்தான வோல்டேஜ் வரும். மோட்டார் முழு வேகம் பிடித்த பிறகு கிளாம்பின் ஜாக்கை சவுண்ட் கார்டில் செருகுங்கள்.

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் 8000 ஹெர்ட்ஸில், மோனோவாக, 30 விநாடி பதியுங்கள். அதே நேரம் டாக்கோமீட்டரில் ஆர்பிஎம் எடுங்கள்.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. 4 போல் மோட்டாருக்கு 1500-இலிருந்து (50 ஹெர்ட்ஸில் அதன் காந்தப்புலம் சுழலும் வேகம்) ஆர்பிஎம்மைக் கழித்து 15-ஆல் வகுங்கள். 1460 என்றால் 2.67 ஹெர்ட்ஸ். 50-இலிருந்து இருபுறமும் அவ்வளவு தள்ளிப் பாருங்கள். ஆகவே 47.33, 52.67 ஹெர்ட்ஸில்தான் முறிவின் முனைகள் தெரியும். 8000-க்குப் பதில் 44100-இல் பதிந்து ஆடாசிட்டியின் ஸ்பெக்ட்ரம் படத்தை 65536 அளவில் போட்டால் கோட்டுக்குக் கோடு 0.67 ஹெர்ட்ஸ் இடைவெளி. அந்த முனைகள் 50-இன் அடிவாரத்தில் புதைந்துவிடும். 8000-இல் பதிந்தாலும் அதே அளவில் இடைவெளி 0.12-தான். அதனால் பதிவதற்கு மட்டும் ஆடாசிட்டி, பார்ப்பதற்கு ஆக்டேவ் (கணக்கீட்டு மென்பொருள்) என்பது என் தேர்வு. 30 விநாடியையும் முழுசாக ஹானிங் விண்டோவால் (பதிவின் இரு ஓரங்களையும் மெல்லத் தணிக்கும் வளைவு) பெருக்கி எஃப்எஃப்டி (அலையை அலைவெண்களாகப் பிரிக்கும் கணக்கு) எடுத்தால் இடைவெளி 0.033 ஹெர்ட்ஸ். 40 முதல் 60 வரை மட்டும் டெசிபலில் வரையுங்கள்.

லைன் அலைவெண் சரியாக 50-இல் நிற்காது. படத்தில் பெரிய முனை 49.92-இல் இருந்தால், கழிக்க வேண்டியது 1500-இலிருந்து அல்ல, 1497.6-இலிருந்து.

பக்க முனை பெரிய முனையைவிட 54 டெசிபலுக்கு மேல் தாழ்ந்திருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 45-க்குள் வந்துவிட்டால் ரோட்டாரைக் கழற்றிப் பாருங்கள். நடுவில் இருந்தால் மாதாமாதம் பதிந்து ஒப்பிடுங்கள்.

சும்மா ஓடும்போது பதிந்தது செல்லாது. 1496 ஆர்பிஎம்மில் இடைவெளி வெறும் 0.27 ஹெர்ட்ஸ், கம்பியில் கரண்டும் மிகக் குறைவு. பிசான அறுவடை முடிந்து ஆலை முழுச் சுமையில் ஓடும் நாட்களில் பதிவதே நல்லது.

பிறகு சேர்த்தது: தளர்ந்த பெல்ட்டும் இதே போன்ற முனை தரும். சுமையைப் பாதியாக்கி மறுபடி பதியுங்கள். முனைகள் 50-ஐ நெருங்கி வந்தால் ரோட்டார். ஏறக்குறைய அதே இடத்தில் நின்றால் பெல்ட்டையும் புல்லியையும் பாருங்கள். டிரைவில் (வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓடும் மோட்டாருக்கு மேலே சொன்ன டெசிபல் அளவுகள் பொருந்தாது.

வார்ப்பு அலுமினிய ரோட்டாரில் கம்பி முறிந்தால் ரோட்டாரையே மாற்ற வேண்டும். ஹல்லருக்குள் (உமி நீக்கும் இயந்திரம்) நெல்லை வைத்துக்கொண்டே ஸ்டார்ட் போடும் பழக்கம் நிற்காவிட்டால் புதியதும் முறியும். ஸ்டார்டிங் கரண்டின் சூட்டில் முதலில் விடுவது கம்பியும் முனை வளையமும் சேரும் இடம்.