நல்லர்போர் வழியா கேம்பர் வேன்ல பெர்த் போறவங்களுக்கு

ஆஸ்திரேலியாவுல அடிலெய்ட்ல இருந்து மேற்க பெர்த்துக்கு ரோட்டுல போனா கிட்டத்தட்ட 2,700 கிலோமீட்டர், அதுல செடூனாவுல ஆரம்பிச்சு நார்ஸ்மன் வரைக்கும் வர்ற 1,200 சொச்சம் கிலோமீட்டரைத்தான் எல்லாரும் நல்லர்போர்னு சொல்றது. தமிழ்ல எழுதினா 'நல்ல போர்'னு படிக்க வருது, பாதி வழியில அது சரிதானோன்னு தோணவும் செய்யும், லத்தீன்ல என்னமோ 'மரமே இல்லை'ன்னு அர்த்தமாம். ரோடு முழுக்க தார் ரோடுதான், 1976லயே போட்டு முடிச்சிட்டாங்க, அதனால ஃபோர் வீல் ட்ரைவ் எதுவும் வேணாம், உள்ளயே படுத்து, சமைச்சு சாப்பிடற மாதிரி இருக்கற சாதாரண கேம்பர் வேனே போதும். நிறைய பேர் சாமான் லிஸ்ட் போடறதுலயே எல்லா நேரத்தையும் செலவழிக்கறாங்க, நான் சொல்றது முதல்ல பொழுது எத்தனை மணிக்கு சாயுதுன்னு பாருங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஏன்னா பொழுது சாயற நேரத்துல கங்காரு ரோட்டுக்கு வரும், விடியற நேரத்துலயும் அதே கதைதான். ஒட்டகம், வொம்பாட்னு வளை தோண்டற ஒரு பிராணி, கங்காரு மூணையும் ஒரே மஞ்சள் போர்டுல போட்டு வச்சிருப்பாங்க, எல்லாரும் நின்னு போட்டோ எடுப்பாங்க, ஆனா அது போட்டோவுக்கு வச்ச போர்டு இல்ல. வாடகை வேன்ல நிறைய ஒப்பந்தத்துல ஊருக்கு வெளிய இருட்டினப்புறம் ஓட்டினா இன்சூரன்ஸ் கிடையாதுன்னே எழுதியிருக்கும், கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தைப் படிச்சிருங்க, மண் ரோடு பத்தின வரியையும் சேர்த்து.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. மேற்க போகப் போக கடிகாரம் பின்னாடி போகும். மாநில எல்லையில இருக்கற பார்டர் வில்லேஜ்ல இருந்து, அதுக்கு மேற்க கைகுனாங்கற ஊருக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் அந்த ஊர்க்காரங்களே வச்சிக்கிட்ட ஒரு நேரம் ஓடுது, அடிலெய்டை விட 45 நிமிஷம் கம்மி, அதைத் தாண்டினா பெர்த் நேரம், இன்னொரு 45 நிமிஷம் கம்மி. கோடைக்காலத்துல அடிலெய்ட்ல ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சிருப்பாங்க, அப்போ வித்தியாசம் இன்னும் கூடும். போன் எந்த நேரத்தைக் காட்டும்னு சொல்ல முடியாது. முதல் தடவை நான் ஜூலைல, அங்க குளிர்காலம், போனப்போ நல்லர்போர் ரோட்ஹவுஸ்ல (பெட்ரோல், சாப்பாடு, தங்க ரூம் எல்லாம் இருக்கற ரோட்டோரக் கடைதான் ரோட்ஹவுஸ்) இருந்து மத்தியானம் ரெண்டரைக்குக் கிளம்பி, முண்ட்ரபில்லாவுக்கு சுமார் 265 கிலோமீட்டர்தானே, மூணு மணி நேரம்னு கணக்குப் போட்டேன். நடுவுல கடல் ஓரத்துப் பாறைச் சரிவைப் பாக்க ரெண்டு இடத்துல நின்னோம், ஒரு மணி நேரம் போயிருச்சு. யூக்ளா தாண்டினதும் வெயில் நேரா கண்ணுல அடிச்சுது, அப்புறம் டக்குனு இருட்டு. லைட் வெளிச்சத்துல ரோட்டோரம் ரெண்டு பச்சைப் புள்ளி தெரிஞ்சுது, மனைவி "ஏங்க"ன்னு கத்தினா, நேரா பிரேக் அடிச்சேன், பின்னாடி தட்டு டம்ளர் எல்லாம் ஒண்ணா உருண்டுது, கங்காரு நின்னு நிதானமா எங்களைப் பாத்துட்டு ரோட்டைக் கடந்து போச்சு. ஸ்டியரிங்கை மட்டும் ஒடிக்காதீங்க, உயரமான வேன் கவுந்துரும், பிரேக்தான். அப்புறம் எல்லா ட்ரிப்லயும் குளிர்காலத்துல நாலு மணிக்கு வண்டியை ஓரங்கட்டிடறது, ஒரு நாளைக்கு 450 கிலோமீட்டருக்கு மேல திட்டம் போடறதே இல்ல.

பெட்ரோல் டீசல் பயப்படற அளவுக்கு இல்ல. ரோட்ஹவுஸ் இல்லாத பெரிய இடைவெளி எல்லாம் 200 கிலோமீட்டருக்குள்ளதான்: நல்லர்போர் ரோட்ஹவுஸ்ல இருந்து பார்டர் வில்லேஜ், கைகுனாவுல இருந்து பலடோனியா, பலடோனியாவுல இருந்து நார்ஸ்மன். ஆனா எதிர்க்காத்து அடிச்சா கேம்பர் வேன் குடிக்கற குடி தனி, 100 கிலோமீட்டருக்கு 11 லிட்டர்ல போன என் வண்டி ஒரு நாள் 15 குடிச்சுது. அதனால பாதி டேங்க் ஆனா நிரப்பிருங்க, விலை அதிகம்தான், செடூனாவுலயும் நார்ஸ்மன்லயும் ஃபுல் பண்ணிக்கிட்டா நடுவுல கம்மியா போட்டா போதும். கார்டு மெஷின் வேலை செய்யாத நாளும் உண்டு, கையில கொஞ்சம் காசு நோட்டா வச்சிக்கோங்க.

தண்ணி விஷயத்துல மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க. அடியில எல்லாம் சுண்ணாம்புப் பாறை, மழை கம்மி, போர் போட்டாலும் பெரும்பாலும் உப்புத் தண்ணி, அதனால ரோட்ஹவுஸ்ல போய் கேனை நீட்டினா சும்மா நிரப்பிக் குடுக்க மாட்டாங்க, குளிக்கறதுக்கும் காசு. ஆளுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 5 லிட்டர், கோடைன்னா 10 லிட்டர்னு வச்சு, வண்டி நின்னு போனா காத்திருக்க ரெண்டு நாளைக்குச் சேர்த்து எடுத்துக்கோங்க. ஒரே பெரிய கேன் வேணாம், ஒழுகினா எல்லாம் போச்சு, நாலஞ்சு சின்ன கேன்.

வேனை வாங்கற இடத்துலயே ஸ்டெப்னியைக் கழட்டி இறக்கிப் பாருங்க. அவசரமா இருக்குன்னு நான் விட்டுட்டேன், வாடகைக்குக் குடுத்தவங்களும் எல்லாம் செக் பண்ணியாச்சுன்னுட்டாங்க, அன்னிக்கு ராத்திரி தங்கின இடத்துல சந்தேகத்துக்கு அமுக்கிப் பாத்தா காத்தே இல்ல. ஜாக்கி எங்க இருக்கு, வீல் ஸ்பேனர் நட்டுக்கு சரியா உக்காருதா, ஸ்டெப்னியை இறக்கற கம்பி துருப்பிடிச்சு சிக்கியிருக்கா, இதெல்லாம் ஒரு தடவை கையால பண்ணிப் பாத்தாதான் தெரியும். கூலன்ட், ஆயில், டயர் பிரஷர் தினமும் காலைல என்ஜின் சூடாகறதுக்கு முன்னாடி.

போன் சிக்னல் ரோட்ஹவுஸ் பக்கத்துல வரும், தாண்டினா போயிரும். டெல்ஸ்ட்ரா சிம் மத்ததை விடப் பரவாயில்ல. மேப்பை முன்னாடியே டவுன்லோட் பண்ணிருங்க. பிஎல்பின்னு கைக்கடக்கமா ஒரு பீக்கன் இருக்கு, உயிருக்கு ஆபத்துன்னா அழுத்தினா சாட்டிலைட் வழியா மீட்புப் படைக்குத் தகவல் போகும், வாடகைக்கும் கிடைக்குது. ஒரு யுஹெச்எஃப் ரேடியோவும் வாங்கிக்கோங்க, லாரிக்காரங்க சேனல் 40ல பேசிப்பாங்க. 36 மீட்டர் நீளத்துக்கு ரோட் ட்ரெயின், அதாவது பின்னாடி ட்ரெய்லர் கோத்த லாரி போகும், ஓவர்டேக் பண்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டா அவங்களே வழி காலியா இருக்குன்னு சொல்வாங்க. எதிர்ல வரும்போது காத்து வேனை ஒரு தள்ளு தள்ளும், ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கட்டும். வண்டி நின்னு போச்சுன்னா வண்டியை விட்டு நடக்காதீங்க, அது ஹைவே, யாராவது கண்டிப்பா வருவாங்க.

சாப்பாட்டுக்கு அரிசி, பருப்பு, புளிக்காய்ச்சல், ஊறுகாய், முறுக்கு இதெல்லாம் கவலையில்லாம எடுத்துக்கலாம். பச்சைக் காய்கறி, பழம், தேன் எல்லாம் பார்டர் வில்லேஜ்ல க்வாரன்டைன்காரங்க எடுத்துப்பாங்க, பூச்சி, நோய் பரவாம இருக்கத்தான், வாதாடிப் பிரயோஜனமில்ல. முந்தின நாள் ராத்திரி இருக்கற தக்காளி, வெங்காயம் எல்லாத்தையும் தொக்கா வதக்கித் தின்னு தீத்துருங்க. வீட்டுச் செடியில ஆசையா பறிச்ச ஒரு பை கறிவேப்பிலையை நாங்க அங்கதான் குப்பைத்தொட்டில போட்டோம், அதிகாரி ரொம்ப மரியாதையா மூடியைத் திறந்து பிடிச்சிக்கிட்டு நின்னார். திரும்பி வரும்போது செடூனாவுல இதே மாதிரி இன்னொரு செக்கிங் இருக்கு, பெர்த்ல மார்க்கெட் போய் பை நிறைய வாங்கிட்டுக் கிளம்பிராதீங்க.